நண்பருக்கு வாடகைக்கு விட்ட வீடு, காலி செய்ய மறுக்கும் நண்பர்: முழுமையான வழிகாட்டி

முன்பின் தெரியாதவருக்கு வீடு விடும்போது ஆயிரம் கேள்வி கேட்கிறோம். எங்கே வேலை, வீட்டில் எத்தனை பேர், ஆதார் நகல் எங்கே, அட்வான்ஸ் எவ்வளவு. நண்பர் என்றால் மட்டும் சாவியைக் கையில் கொடுத்து, "வாடகையை அப்புறம் பேசிக்கலாம்டா" என்று அனுப்பிவிடுகிறோம். சில வருடங்கள் கழித்து வீட்டை விற்க வேண்டியிருக்கும், அல்லது கல்யாணமான மகன் தனிக்குடித்தனம் போக வேண்டியிருக்கும். அப்போதுதான் நண்பர் என்றைக்குக் காலி செய்ய வேண்டும் என்று எந்தக் காகிதத்திலும் ஒரு தேதிகூட இல்லை என்பது உறைக்கிறது.

இது தமிழ்நாட்டில் வீடு வைத்திருப்பவர்களுக்கான வழிகாட்டி. இங்கே நகர்ப்புற வீடுகளுக்கு இப்போது நடப்பில் இருப்பது, உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன் இருந்த 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. "பத்து வருஷம் குடியிருந்தால் வீடு அவனுக்கே சொந்தம்" என்று டீக்கடையில் யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். அதற்கான பதில் கீழே வருகிறது.

வேறு எதைப் படிக்காவிட்டாலும் அடுத்த பகுதியை மட்டும் படித்துவிடுங்கள்.

முதலில், செய்யவே கூடாதவை

கோபத்தில் முதலில் தோன்றுவது பூட்டை மாற்றுவது. நண்பர் குடும்பத்தோடு ஊருக்குப் போன சமயம் பார்த்து வேறு பூட்டைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். சொந்தக்காரர்களும் அதைத்தான் சொல்வார்கள். செய்யாதீர்கள். 1963ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தின் 6ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. அனுபவத்தில் இருக்கும் ஒருவரை அவர் சம்மதம் இல்லாமலும் சட்ட வழியில் அல்லாமலும் வெளியேற்றினால், அவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே வந்துவிடலாம். அந்த வழக்கில் வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே பெரிதாக எழாது. யார் உள்ளே இருந்தார், யார் வெளியே தள்ளினார் என்பதுதான் கேள்வி. சொந்த வீட்டின் முன்னால் நீங்கள் குற்றவாளிபோல் நிற்க வேண்டி வரும். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் கதை தலைகீழாகிவிடும்.

அடுத்தது ஈ.பி. ஃபியூஸைப் பிடுங்குவது, மோட்டாரை நிறுத்துவது, தண்ணீர் வால்வை மூடுவது. மாடியில் நீங்கள், கீழே நண்பர் என்றால் இந்தச் சபலம் அதிகம். 2017 சட்டத்தின் 20ஆம் பிரிவு, அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் நிறுத்தக்கூடாது என்கிறது. இந்தச் சட்டப்படி நியமிக்கப்படும் வாடகை அதிகாரியிடம் நண்பர் ஒரு மனு கொடுத்தால், இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி உங்களுக்கு உத்தரவு வரும். வாடகைப் பாக்கி வைத்தவர் பாதிக்கப்பட்டவராகிவிடுவார், பாக்கி கேட்ட நீங்கள் தொல்லை கொடுப்பவராகிவிடுவீர்கள்.

மூன்றாவது, 'ஆளை வைத்துப் பேசுவது'. ஏரியாப் பிரமுகர், கட்சிக்காரர், தெரிந்த காவலர் என்று யாரைக் கூப்பிட்டாலும் அது கட்டப் பஞ்சாயத்துதான். ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். அது சரியான பதில்தான். மிரட்டல், அடிதடி, பொருள் சேதம் என்று ஏதாவது நடந்தால் மட்டும் காவல் நிலையம் போங்கள். புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பழைய கல்லூரி நண்பர்கள் குழுவிலும் புலம்புவது. "அவன் என்னை ஏமாத்திட்டான்" என்று நீங்கள் போடும் செய்தியின் ஸ்கிரீன்ஷாட் நாளை நீதிமன்றத்தில் அவர் வக்கீலின் கோப்பில் இருக்கும்.

படி 1: சட்டத்தின் கண்ணில் அவர் யார்?

உங்களுக்கு அவர் பள்ளித் தோழர். சட்டத்துக்கு அது பொருட்டே இல்லை. கீழ்க்கண்டவர்களில் அவர் யார் என்பதைப் பொறுத்தே உங்கள் பாதை முழுவதும் அமையும். அதனால் அவசரப்படாமல் இதை முதலில் முடிவு செய்யுங்கள்.

வாடகைதாரராக இருக்கலாம். அக்ரிமென்ட் இல்லாவிட்டாலும், மாதாமாதம் ஒரு தொகை வாடகையாக வந்திருந்தால் அவர் வாடகைதாரர்தான். சந்தை வாடகை 18,000 இருக்கும் இடத்தில் நட்புக்காக 9,000 வாங்கியிருந்தாலும் அது வாடகையே. தொகை குறைவு என்பதால் அவர் விருந்தாளி ஆகிவிட மாட்டார்.

வாடகையே இல்லாமல் தங்கியிருப்பவராக இருக்கலாம். "வேலை கிடைக்கும்வரை இருந்துக்கோ", "வீடு சும்மாதான் கிடக்கு, பார்த்துக்கோ" என்று விட்டது இந்த வகை. இது வாடகை இல்லை, வெறும் அனுமதி. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதைத்தான் லைசென்ஸ் என்கிறது. கொடுத்த அனுமதியை நீங்கள் திரும்பப் பெறலாம். பெற்ற பிறகு, பொருட்களை எடுத்துக்கொண்டு வெளியேற அவருக்கு நியாயமான அவகாசம் தர வேண்டும்.

இங்கே 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. கோவாவில் ஒரு சகோதரி தன் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சகோதரரிடம் விட்டிருந்தார். பிறகு சகோதரர் அனுபவ உரிமை கேட்டு வழக்குப் போட்டார். இனாமாகத் தங்க அனுமதிக்கப்பட்டவர் ஆண்டுக்கணக்கில், பத்தாண்டுக்கணக்கில் இருந்தாலும் அந்தச் சொத்தில் எந்த உரிமையும் பெற மாட்டார், காவலாளிக்கும் பராமரிப்பாளருக்கும் இது பொருந்தும் என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. டீக்கடைப் பேச்சுக்கான பதில் இதுதான். 12 வருட எதிரிடை அனுபவம் என்பது, உரிமையாளரின் உரிமையை மறுத்து வெளிப்படையாக அனுபவிப்பவருக்கானது. உங்கள் அனுமதியோடு உள்ளே வந்தவர் நாளை அதைச் சொல்வது எளிதல்ல. அதற்காக அசட்டையாக இருந்துவிடவும் வேண்டாம். அனுமதியோடுதான் வந்தார் என்பதை நிரூபிக்க உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

மூன்றாவது வகை, நம் ஊருக்கே உரிய லீஸ் அல்லது போக்கியம். மதுரைப் பக்கம் ஒத்தி என்பார்கள். மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, வாடகை இல்லாமல் குடியிருக்க விடுவது. இதில் நண்பர் வெளியே போகாததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். நீங்கள் அந்தப் பணத்தைச் செலவழித்திருப்பீர்கள். 5 லட்சம் வாங்கியவர் 5 லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசாதவரை, எந்த நோட்டீஸும் பல் இல்லாத நோட்டீஸ்தான். உங்கள் பத்திரம் லீஸ் என்று எழுதப்பட்டிருக்கிறதா, போக்கிய அடமானமாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் வக்கீலிடம் காட்டுங்கள். இரண்டுக்கும் வழக்கின் தன்மையே வேறு.

நான்காவது ஒன்று உண்டு, கவனியுங்கள். "நான் வீட்டை வாங்கத்தான் அட்வான்ஸ் கொடுத்தேன்" என்று நண்பர் திடீரென்று சொல்வது. வங்கிப் பரிமாற்றத்தில் வெறுமனே 'அட்வான்ஸ்' என்று இருந்தால் இந்தக் கதைக்குக் கால் முளைக்கும். அவரிடமிருந்து பெரிய தொகை ஏதாவது வந்திருந்தால், அது எதற்காக வந்தது என்பதைச் சொல்லும் செய்திகளைத் தேடி எடுங்கள். இனி பணம் வாங்குவதாக இருந்தால் 'ஜூன் மாத வாடகை' என்று குறிப்புப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

படி 2: காகிதம் சேருங்கள், சத்தமில்லாமல்

நண்பரிடம் வாய் திறக்கும் முன் இதைச் செய்யுங்கள். சண்டை வந்த பிறகு எல்லோரும் உஷாராகிவிடுவார்கள்.

பத்திர நகல், பட்டா, புதிதாகப் போட்ட வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, உங்கள் பெயரில் இருக்கும் ஈ.பி. அட்டை, தண்ணீர் வரி. இவை உரிமைக்கு. வாடகை வந்த வங்கிக் கணக்கு அறிக்கை, ஜிபே பதிவுகள், அவர் வருமான வரிக்காக உங்களிடம் வாங்கிப்போன வாடகை ரசீதின் நகல். இவை அவர் வாடகைதாரர் என்ற உறவைக் காட்டுவதற்கு. ஹெச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப்படி) வரிச் சலுகைக்காக அவரே தன் நிறுவனத்திடம் உங்கள் பான் எண்ணைக் கொடுத்து வாடகை ரசீது காட்டியிருந்தால், அவர் வாடகைதாரர் இல்லை என்று பின்னால் சொல்வது மிகக் கடினம்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். போன் மாற்றும்போது பத்திரமாக மாற்றுங்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, பாரதிய சாட்சிய அதிநியமம் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். வக்கீல் தயாரித்துக் கொடுப்பார். ஆனால் மூலச் செய்தி உங்கள் போனில் இருக்க வேண்டும்.

நண்பர் இந்த முகவரியில் ஆதார், வாக்காளர் அட்டை, கேஸ் இணைப்பு எல்லாம் மாற்றியிருப்பார். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அவை அவர் அங்கே குடியிருக்கிறார் என்பதை மட்டுமே காட்டும், சொத்துரிமையைக் காட்டாது. ஈ.பி. இணைப்பையோ சொத்து வரியையோ தன் பெயருக்கு மாற்ற உங்கள் கையெழுத்துக் கேட்டால் மட்டும் போடாதீர்கள்.

படி 3: பேச்சு. ஆனால் ஏன் போக மறுக்கிறார் என்று கேளுங்கள்

பெரும்பாலான வழக்குகள் இங்கேயே முடிந்திருக்க வேண்டியவை. நாம் 'எப்ப காலி பண்ற' என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருப்போம். அவர் ஏன் நகரவில்லை என்பதைக் கேட்டிருக்க மாட்டோம்.

பெரும்பாலும் காரணம் பணம்தான். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க அவரிடம் காசு இருக்காது. சென்னையில் இன்னமும் பத்து மாத அட்வான்ஸ் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்பதுதான் 2017 சட்டம், ஆனாலும் நடப்பு அப்படி இருக்கிறது. வாடகையும் இடம்மாறும் செலவும் சேர்ந்து ஒரே நாளில் பெரிய தொகை வேண்டும். உங்களிடம் இருக்கும் அவருடைய அட்வான்ஸைக் காலி செய்யும் நாளன்றுதான் தருவேன் என்று நீங்களும் பிடித்துவைத்திருப்பீர்கள். புது வீட்டு உரிமையாளருக்கு நேரடியாக ஒரு பகுதியை நீங்களே அனுப்புகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பூட்டுகள் அதிலேயே திறக்கும். என்னைக் கேட்டால், இரண்டு மாத வாடகைப் பாக்கியை விட்டுக்கொடுத்துக் காலி வீட்டைக் கையில் வாங்குவது, இரண்டு வருட வழக்கைவிட லாபம். மனசுக்கு ஒப்பாது என்பது வேறு விஷயம்.

அடுத்தது காலம். ஆடியில் வீடு மாறமாட்டார்கள், மார்கழியில் மாறமாட்டார்கள், புரட்டாசியையும் சிலர் தள்ளிப்போடுவார்கள். நடுவில் பிள்ளைகளின் அரையாண்டுப் பரீட்சை, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. "அண்ணா, பையனுக்குப் பரீட்சை மட்டும் முடியட்டும்ணா" என்று நண்பரின் மனைவி கேட்டால் யாருக்கும் மறுக்க வாய் வராது. இதைச் சாக்கு என்று எரிச்சல்படுவதைவிட, நாள்காட்டியை நீங்களே முதலில் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். பள்ளி முடியும் ஏப்ரல் கடைசிக்கும் ஆடி பிறக்கும் ஜூலை நடுவுக்கும் இடையே சித்திரை, வைகாசி, ஆனி என்று தாராளமாக இடம் இருக்கிறது. கெடுவை அதற்குள் வையுங்கள். தவறவிட்டால் ஆவணி, அதையும் விட்டால் தை என்று பேச்சு நழுவிக்கொண்டே போகும்.

மூன்றாவது, மனத்தாங்கல். "கஷ்டகாலத்துல நான் உனக்கு என்னவெல்லாம் செஞ்சேன்" என்ற பழைய கணக்கு. வெள்ளையடித்தேன், கிரில் போட்டேன், போர் மோட்டாரை மாற்றினேன் என்ற புதுக் கணக்கும் சேர்ந்துகொள்ளும். புதுக் கணக்கை ஒரு பேப்பரில் எழுதச் சொல்லி, நியாயமானதைக் கழித்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கை வீட்டு விஷயத்தோடு கலக்காதீர்கள். அவருக்கு நீங்கள் கடன்பட்டிருந்தால் அதை வேறு வழியில் தீருங்கள்.

பேசும் இடம் உங்கள் வீடோ அவர் இருக்கும் வீடோ வேண்டாம். இருவருக்கும் வேண்டிய ஒரு நண்பர் கூட இருந்தால் நல்லது. பேசி முடித்த அன்றே ஒரு செய்தி அனுப்புங்கள். இப்படி:

"மச்சி, இன்னைக்குப் பேசுனபடி ஜூன் 30க்குள்ள வீட்டைக் காலி பண்ணிச் சாவி கொடுத்துடறேன்னு சொன்ன. அதுவரைக்கும் மாச வாடகை 9,000 வழக்கம்போல. சாவி கொடுக்குற அன்னைக்கே உன் அட்வான்ஸ் 50,000ல பாக்கி போக மீதியை அனுப்பிடறேன். சரின்னா ஒரு ரிப்ளை போடு."

அவர் "சரிடா" என்று ஒரு வார்த்தை போட்டால்கூட அது ஆதாரம். கட்டைவிரல் மட்டும் தூக்கிக் காட்டினால், "வார்த்தையில ஒரு தடவை எழுதிடுடா" என்று கேட்டு வாங்குங்கள்.

படி 4: அவகாசம் கொடுங்கள், ஆனால் காகிதத்தில்

வீட்டை இழப்பவர்கள் கடுமையாக நடந்துகொண்டதால் இழப்பதில்லை. "சரி, இன்னும் ஒரு மாசம்" என்று ஒவ்வொரு முறையும் வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லியே மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வாய்மொழி அவகாசமும் முந்தைய கெடுவை அழித்துவிடுகிறது. நீதிமன்றத்தில் அவர், "இவர் என்னைப் போகச் சொல்லவே இல்லை, தொடர்ந்து இருக்கச் சொன்னார்" என்று சொன்னால் மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

எனவே அவகாசம் ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்கட்டும். முத்திரைத்தாளில் நாலு விஷயம் போதும். இதுவரை எந்த அடிப்படையில் குடியிருந்தார், எந்தத் தேதியில் காலி செய்கிறார், அதுவரை மாதம் எவ்வளவு, அந்தத் தேதிக்குப் பிறகு இருந்தால் மாதம் எவ்வளவு இழப்பீடு. இரண்டு சாட்சிக் கையெழுத்து. அவரும் அவர் மனைவியும் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. பின்னால் "அவர் போட்டது எனக்குத் தெரியாது" என்ற பேச்சு வராது.

இந்த இடத்தில் 11 மாத அக்ரிமென்ட் பற்றி. ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் எல்லோரும் 11 மாதம் போட்டு வந்தார்கள். 2017 சட்டம் வந்த பிறகு அந்தத் தந்திரம் பலிக்காது. எத்தனை மாதமாக இருந்தாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இது சார்பதிவாளர் அலுவலகப் பதிவு இல்லை, தனி. அரசின் வாடகை ஒப்பந்த இணையதளத்தில் விண்ணப்பித்துப் பதிவு எண் வாங்கலாம். பதியாத ஒப்பந்தத்தை வைத்து உங்கள் உரிமையை நிலைநாட்டுவதில் சிக்கல் வரும். நண்பர் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கும்போதே, புது ஒப்பந்தம் போட்டுப் பதிந்துவிட முடிந்தால் அது பெரிய பலம். முடிவுத் தேதியோடு பதிந்த ஒப்பந்தம் கையில் இருந்தால் மீதிப் படிகள் எல்லாம் சுருங்கிவிடும்.

படி 5: வக்கீல் நோட்டீஸ்

எழுத்தில் கொடுத்த கெடுவும் தாண்டிவிட்டது. இனி வக்கீல் நோட்டீஸ்.

நட்பு போய்விடுமே என்று இங்கே பலர் தயங்குகிறார்கள். நோட்டீஸ் அனுப்பப் போகிறேன் என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டு அனுப்பலாம். தவறில்லை. திடீரென்று தபால்காரர் மூலம் தெரிந்துகொள்வதைவிட அது கௌரவம்.

நோட்டீஸின் உள்ளடக்கம் அவர் எந்த வகை என்பதைப் பொறுத்தது. மாத வாடகைக்காரருக்கு, சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவுப்படி 15 நாள் நோட்டீஸ் என்பது பொது விதி. வாடகைப் பாக்கி காரணம் என்றால், பாக்கித் தொகையைக் குறிப்பிட்டு, கட்ட ஒரு மாத அவகாசம் கொடுத்துக் கேட்க வேண்டும். இனாமாக இருப்பவர் என்றால், அனுமதியைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லி வெளியேற நியாயமான காலம் தர வேண்டும். ஒருவேளை அவர் வாடகைதாரர் என்று நீதிமன்றம் கருதினாலும் செல்லும்படி வக்கீல் வாசகத்தை அமைப்பார். அதனால்தான் இதை நீங்களே எழுதாதீர்கள். தவறான பிரிவில் அனுப்பிய நோட்டீஸால், பின்னால் வழக்கே தள்ளுபடியாகலாம்.

பதிவுத் தபால் சேவை இப்போது ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது. சேர்ப்பித்ததற்கான சான்று கிடைக்கும்படி அனுப்புங்கள். அவர் வாங்க மறுத்து, 'மறுக்கப்பட்டது' என்று திரும்பி வந்தால் கவரைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். சரியான முகவரிக்குப் போய் மறுக்கப்பட்ட தபால், சேர்ந்ததாகவே கருதப்படும். நோட்டீஸின் நகலை வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள். நீல டிக் வந்தால் அதையும் படம் எடுங்கள்.

நோட்டீஸுக்குப் பிறகு அவர் வழக்கம்போல வாடகை அனுப்பினால் என்ன செய்வது? வாங்கிப் பேசாமல் இருந்தால், நோட்டீஸைக் கைவிட்டு வாடகையைத் தொடர்ந்ததாக அவர் வாதிடலாம். திருப்பி அனுப்பினால் உங்களுக்குத்தான் நஷ்டம். வாங்கிக்கொண்டு, "நோட்டீஸுக்கு உட்பட்டு, வீட்டைப் பயன்படுத்திய ஈடாக மட்டுமே பெற்றுக்கொள்கிறேன், வாடகையாக அல்ல" என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுத்தில் அனுப்புவதே நடுவழி.

இந்தக் கட்டத்திலேயே வக்கீலிடம் கேவியட் மனுவைப் பற்றியும் கேளுங்கள். நோட்டீஸ் கிடைத்ததும் நண்பர் நீதிமன்றத்துக்கு ஓடி, 'என்னை வெளியேற்றக்கூடாது' என்று இடைக்காலத் தடை வாங்கப் பார்க்கலாம். கேவியட் போட்டிருந்தால் உங்களைக் கேட்காமல் தடை கொடுக்கமாட்டார்கள். 90 நாள் செல்லும்.

படி 6: வழக்குக்கு முன் ஒரு சமரச முயற்சி

ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வழக்குப் போடும் முன்பே அங்கே மனுக் கொடுத்தால் எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். கட்டணம் இல்லை. நண்பர்களுக்குள் வந்த தகராறுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மூன்றாம் மனிதர் ஒருவர் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து, "எப்பப்பா காலி பண்ணுவே?" என்று கேட்டால், உங்களிடம் வராத பதில் அங்கே வரும்.

இதைச் சும்மா ஒரு சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். இந்த ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் பதிவாகும் சமரசம், 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது. 'ஆகஸ்ட் 31க்குள் காலி செய்கிறேன்' என்று அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் போகவில்லை என்றால், புதிதாக வழக்கு வேண்டாம், நேரே நிறைவேற்று மனுதான், அதாவது தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கேட்கும் மனு. முத்திரைத்தாளில் எழுதிய சமரசத்துக்கு இந்தச் சக்தி இல்லை. இரண்டு மாதம் கூடுதலாகக் கொடுத்தாவது சமரசத்தை லோக் அதாலத்தில் பதிவு செய்துகொள்வது நல்லது என்பது என் கட்சி.

படி 7: வழக்கு

பலர் முதலில் தவறான கதவைத் தட்டுகிறார்கள். 2017 சட்டத்தில் மூன்று அடுக்கு உண்டு. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் வாடகை அதிகாரி. ஒப்பந்தப் பதிவு, வாடகைத் திருத்தம், வசதி நிறுத்தம் போன்றவை அவரிடம். வீட்டைத் திரும்பப் பெறும் மனு அவரிடம் போகாது, வாடகை நீதிமன்றத்துக்குப் போகும். அதன்மேல் மேல்முறையீடு வாடகைத் தீர்ப்பாயத்துக்கு.

21ஆம் பிரிவில் காரணங்கள் இருக்கின்றன. ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியது, இரண்டு மாத வாடகைப் பாக்கியை நோட்டீஸுக்குப் பிறகும் கட்டாதது, எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, இடித்துக் கட்ட வேண்டியிருப்பது, உரிமையாளருக்கு வீடு தேவைப்படுவது போன்றவை. உங்களுக்கு எது பொருந்துகிறதோ, எதற்கு ஆதாரம் இருக்கிறதோ அதை மட்டும் சொல்லுங்கள். பாக்கியும் இருக்கிறது, தேவையும் இருக்கிறது, சேதமும் செய்தார் என்று எல்லாவற்றையும் அள்ளிப் போட்டால், நிரூபிக்க முடியாத ஒன்று மற்றதையும் சேர்த்து இழுத்துவிடும்.

எழுத்து ஒப்பந்தமே இல்லாத நட்பு வாடகையில் வாடகை நீதிமன்றமா, வழக்கமான உரிமையியல் நீதிமன்றமா என்பது, குடிவந்தது 2019க்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்தும் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புகளைப் பொறுத்தும் மாறும். வக்கீலிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். "எவ்வளவு ஃபீஸ்" என்பது இரண்டாவதாக இருக்கட்டும். இனாமாக இருப்பவர் மீதான வழக்கு உரிமையியல் நீதிமன்றத்தில். அதில் வீட்டை ஒப்படைக்கவும், அனுமதியை ரத்து செய்த நாளிலிருந்து பயன்படுத்தியதற்கு இழப்பீடு தரவும் கேட்கலாம். இழப்பீட்டைக் கேட்க மறக்காதீர்கள். மாதாமாதம் மீட்டர் ஓடுகிறது என்று தெரிந்தால்தான் எதிர்த்தரப்பும் வாய்தா வாங்குவதைக் குறைக்கும்.

வழக்கு நடக்கும்போது நண்பர் குடும்ப விசேஷத்துக்குக் கூப்பிடலாம், நீங்கள் போகவும் செய்யலாம். வழக்கைப் பற்றி மட்டும் அங்கே ஒரு வார்த்தை பேசாதீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் வழக்கு நடத்த ஒவ்வொரு முறையும் பறந்து வர வேண்டியதில்லை. நம்பகமான ஒருவருக்கு இந்த வீட்டுக்கு மட்டுமான சிறப்பு அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம். அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றுபெற்று அனுப்பியது இந்தியா வந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும். பொது அதிகாரப் பத்திரத்தை, அதுவும் விற்கும் உரிமையோடு, இந்த அவசரத்தில் யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு நண்பரிடமிருந்து வீட்டை மீட்கப் போய் இன்னொருவரிடம் கொடுத்த கதையாகிவிடும்.

படி 8: தீர்ப்பு வந்த பிறகு

தீர்ப்பு வந்தால் வீடு வந்துவிடாது. நண்பர் தானாகப் போகவில்லை என்றால் நிறைவேற்று மனு போட வேண்டும். நீதிமன்ற அமீனா வந்து வீட்டை எடுத்து உங்களிடம் ஒப்படைப்பார். பூட்டியிருந்தால் பூட்டை உடைக்கவும், தகராறு வரும் என்றால் போலீஸ் பாதுகாப்புக்கும் தனி உத்தரவு வாங்க வேண்டும். நிறைவேற்று மனுக்களை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் மனு இழுத்தால் வக்கீலிடம் இதை நினைவூட்டுங்கள்.

சாவி வாங்கும் நாள்

சமரசமாக வந்தாலும் அமீனா மூலம் வந்தாலும் இந்த நாளில் அவசரம் வேண்டாம். பகலில் வாங்குங்கள். ராகுகாலம் பார்ப்பவர் என்றால் அதற்கும் ஒத்துப்போங்கள், ஒன்றரை மணி நேரம் போனால் பரவாயில்லை. எல்லா அறையையும் போனில் வீடியோ எடுங்கள். பரணும் மொட்டைமாடியும் விட்டுப்போகக்கூடாது. ஈ.பி. மீட்டர் எண்ணைப் படம் எடுத்து, அதுவரையான தொகையைக் கணக்கிட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். "வீட்டைக் காலி செய்து முழுமையாக ஒப்படைத்துவிட்டேன், இன்ன தொகை பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று கையெழுத்து வாங்குங்கள். அன்றே பூட்டை மாற்றுங்கள். இப்போது மாற்றலாம்.

அட்வான்ஸ் மீதியை அங்கேயே வங்கியில் அனுப்பிவிடுங்கள். சட்டம் ஒரு மாதம் அவகாசம் தருகிறது, ஆனால் இந்த உறவில் ஒரு நாள் தாமதமும் புதுச் சண்டை. ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

பழைய பீரோ, உடைந்த கட்டில் என்று எதையாவது "அடுத்த வாரம் வந்து எடுத்துக்கறேன்" என்று விட்டுப்போனால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பொருள் உள்ளே இருக்கும்வரை ஒப்படைப்பு முழுமையாகவில்லை என்று அவரால் சொல்ல முடியும். வேறு வழியே இல்லை என்றால், என்னென்ன பொருள், எந்தத் தேதிக்குள் எடுப்பார் என்று பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கி, அவற்றை வீட்டுக்குள் வைக்காமல் வாசலில் ஷெட்டிலோ கார் நிறுத்தும் இடத்திலோ வையுங்கள். வேன் வாடகையை நீங்களே கொடுத்து அன்றே ஏற்றி அனுப்பிவிட்டால் இன்னும் உத்தமம்.